காசிமேட்டிலிருந்து ஒரு பிரிட்டிஷ் ஓட்டு

பிரிட்டனில் இந்த வருடப் பொதுத் தேர்தல் குளிர் தொடங்கும்போதுதான் வரும் என்று விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதை நம்பி, ஜூன் மாதம் பெரம்பூரில் நடக்கும் அக்கா மகன் கல்யாணத்துக்கு நான் டிக்கெட் எடுத்தேன். டிக்கெட் எடுத்த சில வாரத்தில் பிரதமர் தன் வீட்டு வாசலில் மழையில் நனைந்துகொண்டே ஜூலை முதல் வாரத்தில் தேர்தல் என்று அறிவித்துவிட்டார். விவரம் தெரிந்தவர்களை நம்பினால் இப்படித்தான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தேம்ஸ் ஆறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இருக்கிற ஒரு சின்னத் துறைமுக ஊரில், ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபத்து நான்கு வருடமாக வேலை செய்கிறேன். குடியுரிமை வாங்கியாயிற்று. அங்கே சிவப்புக் கட்சியின் தொண்டன். ஆளுங்கட்சி நீலம். கட்சிப் பெயர்கள் வேண்டாம், நிறம் போதும். போன தேர்தலில் நீலம் எங்களைத் துடைத்துப் போட்டது. எங்கள் தலைவர் விலகினார், புதியவர் வந்தார், கட்சிக்குள்ளேயே பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு நீலத்துக்கு ஏழரை பிடித்தது. ஒரே ஆட்சியில் மூன்று பிரதமர்கள். போதாததற்கு அவர்கள் ஓட்டைப் பிரிக்க இன்னொரு புதுக் கட்சியும் கிளம்பியது. எங்கள் தொகுதி எப்போதும் இழுபறி. பல வருடம் மழையில் துண்டுச்சீட்டு போட்டு, தபால் போடுகிற கதவு ஓட்டைக்குள்ளிருந்து நாயிடம் கடி வாங்கித் தோற்றவன் நான். ஜெயிக்கப் போகிற தேர்தலில் இரண்டு வாரம் ஊரில் இல்லாமல் போகிறோமே என்று விமானம் ஏறும்போது உண்மையாகவே அழுகை வந்தது.

கல்யாணம் நல்லபடி முடிந்தது. மறுநாள் வியாழக்கிழமை மாலை, கன்னிக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல்செய்தி வந்தது. கன்னியம்மாள் என்பது முழுப்பெயர். அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பதினெட்டு வருடம் இருந்தவர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். பூர்வீகம் திருவொற்றியூர்க் கடலோரக் குப்பம். கணவர் அங்கே இறந்த பிறகு ஊர் திரும்பிவிட்டார். திரும்பிப் பதினேழு வருடம் ஆகிறது. இப்போது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் வியாபாரம்.

"நைனா, நீ மெட்ராஸ்லதான் கீறியாமே. எனக்கு ஒரு கையெழுத்து வோணும். உட்டுட்டா எனக்கு ஓட்டு இல்ல. நாளைக்கே வா" என்றது செய்தி.

விஷயம் இதுதான். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியபோது கன்னிக்காவின் இந்தியக் குடியுரிமை போய்விட்டது. திரும்பி வந்து வீடு வாங்கலாம், தொழில் செய்யலாம், ஓட்டு மட்டும் போட முடியாது. பிரிட்டனிலோ, நாட்டை விட்டுப் போய்ப் பதினைந்து வருடம் ஆனால் ஓட்டுரிமை தானாகக் கழன்றுவிடும் என்று ஒரு விதி இருந்தது. அந்த விதியை இப்போது எடுத்துவிட்டார்கள். எத்தனை வருடம் ஆனாலும் மறுபடி பதிவு செய்யலாம். கன்னிக்கா பதிவு செய்திருக்கிறார். ஆனால் அவர் அங்கே குடியிருந்ததற்கான பழைய பதிவு எதுவும் நகராட்சியின் கணினியில் கிடைக்கவில்லை. கையில் இருந்த காகிதங்களெல்லாம் டிசம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது கூழாகிவிட்டன. இவரை எனக்குத் தெரியும், இன்ன முகவரியில் இருந்தார் என்று சொந்தக்காரர் அல்லாத ஒரு பிரிட்டிஷ் வாக்காளர் எழுதிக் கொடுத்தால் போதும் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. பதிவு முடிய நான்கே நாள். நடுவில் சனி, ஞாயிறு. ஆக, வெள்ளிக்கிழமையே அனுப்பியாக வேண்டும்.

வெள்ளி காலை 6.05க்குப் பெரம்பூரில் மின்சார ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறினேன். திருவொற்றியூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். ஐந்து ரூபாய்க்குப் பிரிட்டனில் ஒன்றுமே கிடைக்காது, முறைப்பு கூடக் கிடைக்காது. கொருக்குப்பேட்டையில் வண்டி எட்டு நிமிடம் நின்றது. சரக்கு ரயிலுக்கு வழி விட்டார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். திருவொற்றியூரில் இறங்கும்போது 6.50. குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ பத்து ரூபாய், ஒன்றரை கிலோமீட்டர்.

கன்னிக்கா வீடு பூட்டிக் கிடந்தது. எதிர் வீட்டில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், நான் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டார். "ஐஸ்காரம்மா வூட்ல எப்டிபா இருக்கும்? இன்னிக்குத்தான் தடை முடியுது. ராவுக்கு அல்லா போட்டும் கடலுக்குப் போவுது. அது நேத்துலேருந்து காசிமேட்லதான் கீது."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று வருடத்தில் அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அது முடிகிற நாளில் நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே நேரத்தில் டீசல், தண்ணீர், ஐஸ் ஏற்றும். இரண்டு மாதம் சும்மா கிடந்த ஐஸ் வியாபாரிக்கு வருடத்திலேயே பெரிய நாள் அதுதான். கையெழுத்து வாங்க நான் தேர்ந்தெடுத்த நாளும் அதுதான்.

காசிமேட்டுக்கு அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் 200 கேட்டார், 150க்கு இறங்கினார். ஆறு கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம் பிடித்தது, காரணம் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள். கடலோரச் சாலை முழுக்க மூக்கோடு வால் ஒட்டி நின்றன. சில டிரைவர்கள் லாரிக்கு அடியிலேயே ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோக்காரருக்கு நேரம் போகவில்லை, எனக்கும் போகவில்லை. எதற்கு வந்தேன் என்று சொன்னேன்.

"அங்க இன்னா சார், பெரதமர மாத்திக்கினே கீறாங்களாமே?"

"ஒரே ஆட்சியில மூணு பேர். நடுவுல ஒருத்தர் அம்பது நாள்கூடத் தாங்கல."

அவர் வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். "அம்பது நாளா? எங்க மீன்புடி தடையே அறுவத்தோரு நாளு சார்! தடைக்கு முன்னால பெரதமர் ஆயி, தடை முடியறதுக்குள்ள வூட்டுக்குப் போயிட்டாரா?"

பிரிட்டிஷ் அரசியலை இவ்வளவு சரியாக அளந்தவரை நான் அங்கேயும் பார்த்ததில்லை. மகிழ்ச்சியில் மீதிக் கதையையும் சொன்னேன். தபாலில் ஓட்டுச்சீட்டு இங்கே வந்து திரும்பிப் போவதற்குள் தேர்தலே முடிந்துவிடும், அதனால் கன்னிக்கா பதிலி ஓட்டுக்கும் எழுதப் போகிறார், அதாவது அவருக்குப் பதிலாக நான் அங்கே வாக்குச்சாவடிக்குப் போய் அவர் ஓட்டைப் போடுவேன் என்றேன். ஆட்டோக்காரர் முகம் மாறிவிட்டது.

"அத்த நாங்க கள்ள ஓட்டும்போம் சார்."

"இல்லீங்க, சட்டப்படி செல்லும்."

"அத்தான் சார், அங்க சட்டம் வச்சுப் பண்றாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். இறங்கும்போது 8.15.

காசிமேட்டுக்குப் போகிறவர்கள் நல்ல செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ரப்பர் செருப்போடு போங்கள். தரை முழுக்க ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும். ஒரு பக்கம் சின்ன ஃபைபர் படகுகளில் வந்த மீனுக்கு ஏலம் நடந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் விசைப்படகுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. புதுப் பெயிண்ட், புதுக் கொடி, மாலை. இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் கிடந்தவர்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்ததும் எனக்கே யாரிடமாவது ஒரு மூட்டையை வாங்கித் தூக்கலாம் போலிருந்தது.

கன்னிக்கா ஐஸ் உடைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான்கு பேரைத் திட்டிக்கொண்டிருந்தார். வயது அறுபத்தொன்று. சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, காலில் பிரிட்டனில் வாங்கிய மழைக்கால பூட்ஸ். ஆளுயரப் பாளமாக வருகிற ஐஸை இயந்திரத்துக்குள் தள்ளினால் நொறுங்கி, குழாய் வழியாகப் படகின் வயிற்றுக்குள் கொட்டுகிறது. என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்தார். பனிக்கட்டியால் அறைந்த மாதிரி இருந்தது.

"வந்துட்டியா கண்ணு! எங்க, பேப்பரக் குடு."

வீட்டிலிருந்தே இரண்டு காகிதங்கள் தயாராக எடுத்துப் போயிருந்தேன். ஒன்று, நான் எழுதிக் கையெழுத்திட்ட சான்று. இன்னொன்று வெள்ளைத்தாள், பழுதானால் இருக்கட்டும் என்று கூடவே மேலும் இரண்டு. பதிலி ஓட்டு விண்ணப்பத்துக்கு அதில் அவர் கருப்பு மையில் கையெழுத்திட வேண்டும், படம் எடுத்து ஏற்ற வேண்டும். அவர் வாங்கிய வேகத்தில் வெள்ளைத்தாள் நனைந்து கையோடு வந்தது. இரண்டாவது தாளில், விரல் மரத்துப்போய்ப் பேனா வழுக்கி, பெயர் பாதியில் மலையேறிவிட்டது.

"மெதுவா, அக்கா. கிறுக்கின மாதிரி இருந்தா அங்க ஒத்துக்க மாட்டாங்க. முதல்ல இத சொல்லுங்க. யாருக்குப் போடணும்?"

"நீலத்துக்கு."

காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டேன். சரியாகத்தான் விழுந்திருக்கிறது. ஒரு காலத்தில் என்னோடு சேர்ந்து சிவப்புத் துண்டுச்சீட்டு போட்டவர் இவர். எனக்கு வந்த கோபத்தை மறைக்கத் தெரியவில்லை. "அக்கா, அவங்க மூழ்கிட்டு இருக்காங்க. நாடே கை கழுவிடுச்சு. இந்த வருஷம் போய் நீலமா?"

கன்னிக்கா இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். "கட்சி மூழ்கட்டும் நைனா, எனக்கின்னா? நிக்கிறது யாரு? அந்த வெள்ளக்காரம்மாதான?"

அந்த வெள்ளைக்காரம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் நகராட்சியில் முன்பு உறுப்பினராக இருந்தவர், இப்போது நாடாளுமன்ற வேட்பாளர். அவர் முகத்தைக் கறுப்பு வெள்ளையில் போட்டு, இவர் உங்களுக்கு என்ன செய்தார் என்று கேட்கிற துண்டுச்சீட்டை ஆயிரக்கணக்கில் விநியோகித்தவனே நான்தான்.

"எங்க வூட்டுக்காரு செத்தப்ப பாடிய ஊருக்குக் கொண்டாற ஒம்போது நாளு ஆச்சு. உனக்கு டூட்டி, அல்லாருக்கும் டூட்டி. அந்தம்மா தெனம் காலைல காரு எடுத்துகினு வரும். ஆபீஸ் ஆபீஸா எங்கூட நிக்கும். எனக்கு இங்கிலீசு வராத எடத்துல அது பேசும். ஏர்போர்ட்டு வரிக்கும் வந்துச்சு. அப்ப நான் அதும் கட்சி இல்லன்னு அதுக்குத் தெரியும். இப்ப அது தோக்கப் போவுதுன்னு எனக்கும் தெரியும். தோக்கட்டும். எண்ணும்போது அதுல என்து ஒன்னு இருக்கணும்."

அந்த ஒன்பது நாளில் நான் டூட்டியில்தான் இருந்தேன், அது எனக்கு நினைவிருக்கிறது. ஆனாலும் இழுபறித் தொகுதி. எங்கள் ஊரில் ஒரு தடவை நகராட்சி வார்டையே ஒற்றை இலக்க வித்தியாசத்தில் கோட்டை விட்டிருக்கிறோம். வேறு யாரையாவது பதிலியாகப் போடுங்கள் அக்கா என்றேன். அங்கே அவருக்கு இப்போது வேறு யாரோடும் தொடர்பு இல்லை என்பது எனக்கே தெரியும். சாவடிக்குள் நான் எதில் குறி போடுகிறேன் என்று யாரும் பார்க்கப் போவதில்லை என்பதும் தெரியும். மனசுக்குள் ஒரு மூலையில் அந்தக் கணக்கு ஓடியது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

இயந்திரம் நின்றிருந்ததைப் பார்த்து, ஏலம் முடித்துக் கூடையோடு ஐஸ் வாங்க வந்த ஒரு பெண் "இன்னாக்கா பேஜாரு?" என்று கேட்டார். பெயர் மல்லிகா. தெருவில் மீன் விற்கிறவர், நாற்பது வயதிருக்கும். கன்னிக்கா எல்லாவற்றையும் சொன்னார், நான் வேறு கட்சி என்பது உட்பட. ஆட்டோக்காரர் மாதிரி இவரும் கள்ள ஓட்டு என்பார் என்று எதிர்பார்த்தேன். மல்லிகாவுக்கு இதில் அதிசயமாக எதுவும் தெரியவில்லை.

"இத்தான நாங்க தெனம் பண்றோம். அஞ்சு பேரு கூட்டு சார். அஞ்சு பேரும் ஏலத்துல கூவுனா எங்களுக்குள்ளயே வெல ஏறிக்கும். அதால ஒருத்திதான் கூவுவோம், அல்லாருக்கும் சேத்து. இன்னிக்கு என் மொற." கூடைகளைக் காட்டினார். "புளியந்தோப்பு சாந்தி கானாங்கெளுத்தி கேட்டா. இன்னிக்கு அது ஓடாது, நெத்திலிதான் ஓடும்னு எனக்குத் தெரியும். சொல்லிப் பாத்தேன், கேக்கல. அவளுக்கு இன்னா வாங்கினேன்? கானாங்கெளுத்திதான் வாங்கினேன். எனக்கு நெத்திலி. கூவுற வாயி ஒன்னு சார், கூட வேற வேற."

"மாத்தி வாங்கினா என்ன ஆகும்?" என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை.

"ஒருத்தி ஒரு தபா மாத்தி வாங்கினா. நல்லதுக்குத்தான் வாங்கினா, லாபம்கூட வந்துச்சு. அப்பால அவளுக்கு யாரும் கூவக் குடுக்கல."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ஐஸ் வாங்கக் கையை நீட்டினார். ஆள்காட்டி விரல் நகத்தின் நடுவில் ஏப்ரல் மாதம் ஓட்டுப் போட்ட மை இன்னும் இருந்தது. நகம் வளர வளர மேலே ஏறிக்கொண்டிருந்தது. கன்னிக்கா அதைப் பார்த்தார்.

"பாத்தியா நைனா? இந்த ஏலக்கூடத்துல மை இல்லாத வெரலு என்து ஒன்னுதான். எலெக்சன் வந்தா அல்லாரும் வரிசைல நிப்பாங்க, நான் வூட்ல உக்காந்து டிவி பாப்பேன். எனக்கு ரெண்டு ஊரு கீது, ரெண்டுலயும் ஆளு கணக்குல இல்ல."

டீக்கடைக்கு நடந்தோம், இருபது அடிதான். டீ பன்னிரண்டு ரூபாய். கன்னிக்கா குடிக்கவில்லை. சூடான கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விரல் இளகும்வரை உட்கார்ந்திருந்தார். நான் மேசையை என் கைக்குட்டையால் துடைத்து, கையில் இருந்த கடைசி வெள்ளைத்தாளை விரித்தேன். இந்த முறை பெயர் நேராக விழுந்தது. தமிழில், இனிஷியலோடு, ஒரு புள்ளி விடாமல்.

"நீலம்தான் போடறேன், அக்கா" என்றேன்.

"போடுவ. உன்னத் தெரியாதா எனக்கு?" என்றார். எனக்கே அப்போது அவ்வளவு நிச்சயமாகத் தெரியாது.

திருவொற்றியூர் தேரடிக்குத் திரும்பி ஒரு ஜெராக்ஸ் கடையைப் பிடித்தேன். கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. இரண்டு பக்கம் ஸ்கேன் நாற்பது ரூபாய், கணினிக்கு மணிக்கு ஐம்பது. நடுவில் இருபத்தைந்து நிமிடம் கரண்ட் போனது. அதற்குக் காசு வாங்கவில்லை. 11.25க்கு எல்லாம் ஏற்றியாயிற்று. இதையெல்லாம் போனிலேயே செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்குக் கண்ணாடி போட்டாலும் போனில் சின்ன எழுத்து தெரியாது.

அங்கே நகராட்சி அலுவலகம் திறக்கும்போது இங்கே மதியம் 1.30. அதுவரை என்ன செய்வது? கோயில் நடை சாத்துகிற நேரம், அதனால் திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். நான் ரயிலேறி எண்ணூர் போனேன். மூன்று ஸ்டேஷன், ஐந்து ரூபாய். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு சின்ன மெஸ்ஸில் மீன் சாப்பாடு 120 ரூபாய், குழம்பு கேட்கக் கேட்க ஊற்றினார்கள். அங்கிருந்து முகத்துவாரத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். ஆறு கடலோடு சேருகிற இடம். பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், கரையோரத்தில் சாம்பல் படிந்த சேறு. அழகான இடம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இடுப்பளவு தண்ணீரில் மூன்று பெண்கள் கையாலேயே துழாவி இறால் பிடித்து, கழுத்தில் தொங்கிய பறிக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். காற்று நன்றாக இருந்தது. ஒன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் கட்சித் தொண்டர்கள் குழுவில் செய்தி வந்துகொண்டே இருந்தது. எந்தத் தெருவில் யார் மாறிவிட்டார்கள், நீலத்தின் பழைய கோட்டையில் எத்தனை வீட்டு வாசலில் ஆதரவுப் பலகை வைக்கவில்லை என்று. எல்லாம் நல்ல சேதி. படித்து மகிழ்ந்தேன். மகிழ்ந்தபடியே, தோற்கப் போகிறோம் என்று தெரிந்தும் ஒரு பெண் இப்போது அதே தெருக்களில் கதவு தட்டிக்கொண்டிருப்பாள் என்றும் நினைத்தேன். இத்தனை வருடம் அது நான் செய்த வேலை.

3.40க்கு மின்னஞ்சல் வந்தது. சான்று ஏற்கப்பட்டது, பெயர் வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படும். கன்னிக்காவைக் கூப்பிட்டேன். பின்னால் ஐஸ் இயந்திரம் அலறியது. மூன்று முறை கத்திச் சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அதன்பின் அவர் போனை மூடாமலே திரும்பிக் கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "ஏய்! நான் ஓட்டரு ஆயிட்டேன்! அல்லாருக்கும் டீ சொல்லுங்கடா!"

அடுத்த வாரம் நான் ஊர் திரும்பினேன். பதிலி விண்ணப்பமும் ஏற்கப்பட்டுவிட்டது. மீதி நாட்களில் சிவப்புக்காகத் தெருத்தெருவாக அலைந்தேன், அதில் குறை வைக்கவில்லை. வாக்குப்பதிவு நாளன்று காலை 7.30க்கு எங்கள் சாவடிக்குப் போனேன். தேவாலயத்தின் கூடம் அது. என் அடையாள அட்டையைப் பார்த்து, இரண்டு பெயரையும் பட்டியலில் அடித்து, இரண்டு சீட்டுக் கொடுத்தார்கள். மறைப்புக்குள் கயிற்றில் கட்டிய பென்சில். முதலில் கன்னிக்காவின் சீட்டை எடுத்தேன். பத்து விநாடி நின்றேன் என்று நினைக்கிறேன். சிவப்புக்கு எதிரே இருந்த கட்டம் வெள்ளையாக இருந்தது, யாரும் பார்க்கவில்லை. பிறகு வாழ்க்கையில் முதல் முறையாக நீலத்துக்குக் குறி போட்டேன். மடித்தேன். அடுத்து என் சீட்டு, சிவப்பு. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டேன். என் ஓட்டை நானே அடித்துவிட்டு வந்தவன் அந்த ஊரிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். வெளியே வந்தபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், மனசு லேசாக இருந்தது.

உங்களில் யாராவது பிரிட்டிஷ் குடியுரிமையோடு ஊர் திரும்பியிருந்தால், எத்தனை வருடம் ஆனாலும் பதிவு செய்யுங்கள். தேர்தல் அறிவிக்கிறவரை காத்திருக்காதீர்கள். பழைய முகவரிக்கான காகிதங்களைப் படமெடுத்து வையுங்கள், தண்ணீர் யாரையும் கேட்டுக்கொண்டு வராது. தபாலை நம்ப வேண்டாம், அந்தத் தொகுதியில் வசிக்கிற, நீங்கள் நம்புகிற ஒருவரைப் பதிலியாகப் போடுங்கள். அவர் உங்கள் கட்சியாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்று அனுபவத்தில் சொல்கிறேன். விதிகள் மாறக்கூடியவை, அந்தந்த நகராட்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வடசென்னை ஒரு நாள் பயணத்துக்கு, ரயிலும் ஆட்டோவும் சாப்பாடும் டீயும் ஜெராக்ஸும் சேர்த்து, எனக்கு எழுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. கண்டெய்னர் லாரிகளுக்காக ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு வந்த காலை கன்னிக்காவைக் கூப்பிட்டேன். ஆட்சி மாறிவிட்டது. எங்கள் தொகுதியும் சிவப்புக்கு வந்துவிட்டது, நினைத்ததைவிட நல்ல வித்தியாசத்தில். எத்தனை வருடத்துக்கப்புறம்! ஆனால் அதைச் சொன்னபோது என் குரலைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டேன்.

"அத்த உடு. அந்தம்மா எத்தினி வாங்குச்சு? நம்பர சொல்லு."

நகராட்சியின் இணையப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு இலக்கமாகப் படித்தேன். கடைசி இலக்கம் ஏழு. அவர் அங்கே யாரிடமோ திரும்பச் சொன்னார். மல்லிகாவாக இருக்க வேண்டும்.

"நல்லாக் கேளு, கடேசில இன்னா?"

"ஏழு, அக்கா."

"நான் இல்லன்னா ஆறு" என்றார் கன்னிக்கா.